சாக்கை வைத்துவிட்டுப் போகிற மில்

நெல்லுக் குத்த வருகிறவர்கள் பொதுவாக மில்லை விட்டு அசைவதில்லை. சாக்கை இறக்கிவிட்டு மெசினுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். தூசி மூக்குக்குள் போகும், சத்தம் காதைப் பிளக்கும், ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். தன்னுடைய மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பு நெல் உள்ளே போய், அடுத்தவனுடைய வெள்ளை நெல்லோடு கலந்து வெளியே வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். வலிகாமத்தில் இது புதிய பயமல்ல, காரணமில்லாத பயமுமல்ல.

அளவெட்டியில் மீனாம்பிகையின் மில்லில் மட்டும் யாரும் நிற்பதில்லை. சாக்கை வைப்பார்கள், "அப்ப வாறன்" என்பார்கள், கோயிலுக்கோ சந்தைக்கோ போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அரிசி ஒரு சாக்கில், தவிடு ஒரு சாக்கில், உடைந்த குறுணல் ஒரு பையில் இருக்கும். எல்லாம் அவர்களுடையதே. ஒருவருடைய நெல் முடிந்ததும் மீனாம்பிகை மெசினை நிறுத்தச் சொல்லுவார். ஈர்க்கு விளக்குமாற்றால் உள்ளே கூட்டி, அடியில் கிடக்கும் கடைசிப் பிடியையும் உரியவரின் சாக்கில் போட்ட பிறகுதான் அடுத்த சாக்கை அவிழ்ப்பார். ஒரு முறை மல்லாகத்து வாத்தியார் ஒருவரின் சிவப்பரிசியில் கொஞ்சம் வெள்ளையரிசி விழுந்துவிட்டது. அதைச் சொல்லிவரும்படி கணவர் கந்தப்புவைச் சைக்கிளில் அனுப்பினார். கந்தப்பு போய்ச் சேரும்போது வாத்தியார் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக் கையும் கழுவியிருந்தார். கந்தப்பு தகவலைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

கந்தப்புவுக்கு மில்லில் மோட்டர்தான் பொறுப்பு. மோட்டரும் அவரும் ஒரே குணம். ஓடவேண்டிய நேரத்தில் ஓடுவார், மற்ற நேரம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அளவெட்டியில் நாதஸ்வரத்துக்கு அடுத்தபடியாகத் தூரத்துக்குக் கேட்பது தங்கள் மில்தான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி உண்டு. அதையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது மில்லில் கூரை இல்லை, மோட்டர் இல்லை, கதவு நிலைகூட இல்லை. நான்கு சுவர் நின்றது, அதற்குள் ஒரு வேப்பமரம் நின்றது. ஆனால் அவர்கள் வந்த செய்தி கேட்டதும், மெசின் பொருத்தும் முன்னரே, ஆட்கள் நெல்லுச் சாக்கைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். மீனாம்பிகை அன்றைக்கு அழுதார். மிஞ்சியது கலக்காத மில் என்ற பெயர் ஒன்றுதான், அதை வைத்துத்தான் மறுபடி தொடங்கினார். ஆகவே அவர் முன்னால் 'கலப்பு' என்ற சொல்லை யாரும் சாதாரணமாகப் பாவிப்பதில்லை.

தைப்பூசம் கழிந்து, புது நெல் வந்துகொண்டிருந்த நாட்களில், ஸ்கூட்டியில் ஒரு பெட்டை வந்து இறங்கினாள். உடுப்பிட்டிப் பிள்ளை, பெயர் தாரிகா, கம்பஸில் விவசாயம் கடைசி வருடம் படிக்கிறாள். அவளுக்கு அரிசி வேண்டாம், தவிடு வேண்டும் என்றாள்.

"எத்தினை மாடு பிள்ளை?" என்று மீனாம்பிகை கேட்டார்.

"மாடில்லை அன்ரி, ஆராய்ச்சி. தவிட்டிலை ஒட்சியேற்ற எதிரி எண்டு ஒரு சத்து இருக்கு. இரும்பு துருப்பிடிக்கிறது மாதிரி எங்கடை உடம்புக்கையும் நடக்குது. அதைத் தடுக்கிற சாமான். அஞ்சு மில்லிலை மொட்டைக்கறுப்பன் தவிடு எடுத்து, எதிலை கூட இருக்கெண்டு பாக்கப் போறன்."

"எப்பிடிப் பாப்பீர்?"

"வேறை வேறை திரவத்திலை ஊற வைச்சுச் சத்தை இறக்குவம். தண்ணியிலை ஒருக்கா, எதனோலிலை ஒருக்கா, அசற்றோனிலை ஒருக்கா."

"எதனோல் எண்டால்?"

"கிட்டத்தட்டச் சாராயம் அன்ரி."

கந்தப்பு முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"தண்ணி மட்டும் போதாதோ?" என்றார் மீனாம்பிகை.

"காணாது. சில சத்துத் தண்ணிக்குக் கரையும், சிலது கரையாது. சில ஆக்கள் வீட்டிலை வாயே திறக்கமாட்டினம், கள்ளுத் தவறணையிலை எல்லாத்தையும் சொல்லிப்போடுவினமெல்லோ, அப்பிடி."

மீனாம்பிகைக்கு விஞ்ஞானம் உடனே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்து எடுக்கச் சொன்னார். தாரிகா ஸ்கூட்டியில் ஏறிய பிறகு, "அன்ரி, ஒண்டும் கலந்திடப்படாது, என்ன?" என்றாள்.

"ஆரின்ரை மில்லிலை நிண்டு, ஆருக்குப் பிள்ளை சொல்லுறீர்?"

தாரிகா அப்போதே மன்னிப்புக் கேட்டாள். உடுப்பிட்டிக்குப் போகும் வழியில் ஊர்ச்சனம் இரண்டு பேரை விசாரித்தபோது, அவள் கேட்டது எவ்வளவு பெரிய பிழை என்பதை அவர்களும் விளக்கமாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மீனாம்பிகை தலை தோய்ந்து, விபூதி பூசி, மெசினைக் கழுவித் துடைத்து, தன் சொந்த நெல்லைக் குத்தினார். தவிட்டை அரித்து எடுத்தார். அது போகிற இடம் மாட்டுக் கொட்டில் அல்ல, கம்பஸ். அதனால் சாக்கு வேண்டாம் என்று புதுத்துணியில் ஒரு பை தைத்திருந்தார். புதுத்துணி என்றால் மூலைகளில் மஞ்சள் தடவவேண்டும், தடவினார். ஒரு பெண்பிள்ளை முதன்முதலாக ஒரு நல்ல காரியத்துக்குக் கொண்டுபோகிறாள். வெறும் தவிடாகவா கொடுத்துவிடுவது? மஞ்சள் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தவிட்டுக்குள் போட்டு, பிள்ளையாரை நினைத்து, கையால் நன்றாகப் பிசறிவிட்டார். வண்டும் பிடிக்காது, மங்களமாகவும் இருக்கும்.

இதைக் கலப்பு என்று அவர் நினைக்கவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கலப்பு என்பது நல்லதற்குள் கெட்டதைப் போடுவது. மஞ்சள் போடுவது விபூதி பூசுவது போல. நெற்றியில் விபூதி பூசியவரைப் பார்த்து, முகத்தில் கலப்படம் என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மஞ்சள் இறக்குமதி நின்றுபோய், கடைகளில் மாவுக்கு நிறம் போட்டு விற்ற காலத்தில், மீனாம்பிகை தன் வளவிலேயே மஞ்சள் நட்டார். அதை அவித்து, காயவைத்து, தானே அரைத்து வைத்திருந்தார். அதில் ஒரு கலப்பும் இல்லை. கடை மஞ்சளாக இருந்திருந்தால் ஆராய்ச்சி இந்தளவுக்குக் கெட்டிருக்காது.

தவிட்டின் சிவப்பில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியவில்லை. தாரிகா பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் அவள் திரும்பி வந்தபோது ஸ்கூட்டியை ஸ்ராண்டில் விடக்கூட மறந்துபோனாள். "அன்ரி, உங்கடை தவிடுதான் முதலாவது! மற்ற நாலும் கிட்டவும் வரேல்லை!"

மீனாம்பிகை அடக்கமாகத்தான் இருந்தார், ஏறத்தாழப் பத்து நிமிடம். பிறகு மில்லுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னார். பக்கத்து வளவு நல்லம்மா அந்தத் தவிட்டைத்தான் எப்போதும் தன் பசுவுக்கு வைப்பவர். பசுவின் மினுக்கத்துக்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அந்த ஐந்தில் ஒன்றான உடுவில் மில்லை வைத்திருக்கும் றோயின் காதுக்கும் செய்தி போனது. றோயின் மில் பெரியது, கனக்க மெசின் உண்டு. அங்கே சாக்கை வைத்துவிட்டு யாரும் பல் விளக்கவும் போகமாட்டார்கள். அந்த மில்லை ஒரு பிள்ளையின் ஆராய்ச்சி தோற்கடித்துவிட்டது என்பதில் மீனாம்பிகைக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க அவர் பெரிதாக முயலவில்லை. கலக்காமல் இருந்தால் கடவுள் ஒருநாள் காட்டுவார் என்று கந்தப்புவிடம் சொன்னார். கந்தப்பு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி முடிவை மில்காரருக்கும் ஊராருக்கும் சொல்ல மல்லாகத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மீனாம்பிகை கூறைச்சேலைக்கு அடுத்த தரத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். கந்தப்பு பக்கத்தில், நல்லம்மா பின்னால். முன்வரிசையில் றோய் கால் மேல் கால் போட்டிருந்தார். தாரிகாவுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அருட்செல்வன் சுவரோரமாக நின்றார்.

தாரிகா திரையில் வரைபடம் காட்டினாள். தண்ணீரில் இறக்கியபோது ஐந்து மில்லும் ஏறத்தாழச் சமம். எதனோலில் மீனாம்பிகையின் மில் கொஞ்சம் எழும்பியது. அசற்றோனில் மற்ற நான்கும் வேலி உயரத்தில் நிற்க, அது பனை உயரத்துக்குப் போய்விட்டது. மேசையில் ஐந்து கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. நான்கில் மண்ணிறத் தண்ணீர். ஒன்றில் நல்ல மஞ்சள்.

மீனாம்பிகை அந்தக் குழாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

அருட்செல்வன் கையை உயர்த்தினார். "தாரிகா, தண்ணியிலை ஒண்டுமில்லை, அசற்றோனிலை மட்டும் இவ்வளவு. நிறமும் வேறை. வெளியிலையிருந்து ஏதும் விழுந்திருக்குமோ எண்டு பாத்தனீரோ?"

"இல்லை சேர். அந்த அன்ரி கலக்கமாட்டா. நான் ஊரிலை விசாரிச்சனான்."

"அதைக் கட்டுரையிலை எழுதேலாது. கலக்கமாட்டா எண்டதுக்கு மேற்கோள் எங்கை?"

"ஊரே மேற்கோள்!" என்று நல்லம்மா பின்னாலிருந்து சத்தம் வைத்தார். சபை சிரித்தது.

"நான் பொறுப்பு சேர்," என்றாள் தாரிகா. அவளுடைய காது சிவந்திருந்தது. அந்தக் கட்டுரை சரிவராவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அருட்செல்வன் மீனாம்பிகை பக்கம் திரும்பினார். "அம்மா, குறை நினையாதேங்கோ. கேக்கவேண்டியது என்ரை கடமை. தவிட்டுக்கை ஏதும் போட்டனீங்களோ?"

'இல்லை' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு அதுதான் விடை, அதுதான் உண்மையும். இப்போதும் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். றோய்கூட நம்புவார். மில் முதலாவதாகவே இருக்கும், பிள்ளைக்குப் பட்டமும் கிடைக்கும். ஒரு பிடி மஞ்சளால் யார் செத்தார்கள்? கந்தப்பு பக்கத்திலிருந்து முழங்கையால் லேசாக இடித்தார். எழும்பு என்றா, இரு என்றா என்பது விளங்கவில்லை. மீனாம்பிகை தாரிகாவைப் பார்த்தார். அவருடைய பெயரைத் தூக்கிச் சபை நடுவில் வைத்துவிட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் பெட்டை.

எழும்பினார்.

"மஞ்சள் போட்டனான்," என்றார்.

"எவ்வளவு அம்மா?" என்று அருட்செல்வன் கேட்டார். மீனாம்பிகை கையைப் பிடியாக்கிக் காட்டினார். "ஒரு பிடி. பிள்ளை முதன்முதல் கம்பஸுக்குக் கொண்டு போகுது, மங்களமா இருக்கட்டும் எண்டு."

"ஆரிட்டையும் சுண்ணாம்பு இருக்கோ?" என்றார் அருட்செல்வன். கந்தப்பு எழுந்துபோய்த் தன் டப்பியைத் திறந்து நீட்டினார். அருட்செல்வன் குச்சி நுனியால் கொஞ்சம் தொட்டு, மஞ்சள் தண்ணீருக்குள் விட்டு ஆட்டினார். குழாய் செக்கச்செவேலென்று ஆனது.

"ஆலாத்தித் தண்ணி!" என்றார் நல்லம்மா.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மீனாம்பிகைக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். அப்போது றோய் எழுந்தார். ஏளனம் செய்யத்தான் போகிறார் என்று மீனாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டார். றோய் மிகவும் அன்பாகச் சொன்னார்:

"விடுங்கோ அக்கா. உதெல்லாம் ஒரு கலப்போ? நல்ல மனசோடை போட்டது. நானும் சனத்துக்கு இதைத்தான் சொல்லுறனான்."

அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

"இல்லை றோய்," என்றார் மீனாம்பிகை. "கலப்புத்தான்." சொல்லிவிட்டு இருந்தார்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அழுதார். ஹெல்மெட்டுக்குள் அழுவது வசதியில்லாத வேலை. கண்ணாடியில் ஆவி படியும், துடைக்க வழியில்லை.

"நீ எழும்பாட்டி நான் எழும்பியிருப்பன்," என்றார் கந்தப்பு திடீரென்று.

"நீங்களோ? எங்கடை கலியாணத்திலையே நீங்கள் வாய் திறக்கேல்லை."

கந்தப்பு அதை மறுக்கவில்லை.

மறுநாள் மில் திறந்தார்கள். ஒருவரும் வரமாட்டார்கள் என்று மீனாம்பிகை எதிர்பார்த்தார். வந்தார்கள். வழக்கம்போல வந்தார்கள், சாக்கை இறக்கினார்கள். யாரும் மஞ்சளைப் பற்றிக் கேட்கவுமில்லை. ஆனால் சாக்கை வைத்துவிட்டுப் போகவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சந்தைக்குப் போகிறவரும் நின்றார், கோயிலுக்குப் போகிறவரும் நின்றார். நல்லம்மாவும் நின்றார். தூசி பிடிக்காத அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

வராமல் விட்டிருந்தால் கோபப்படலாம். வந்து நிற்கிறவர்களோடு எப்படிக் கோபப்படுவது? மீனாம்பிகை வீட்டுக்குள் போய்ப் பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவந்து மெசினுக்கு முன்னால் போட்டார்.

"நிக்காதேங்கோ, கால் நோகும். இருந்து பாருங்கோ."

அவர்கள் இருந்து பார்த்தார்கள்.

தாரிகா மறுபடி வந்தாள். பரிசோதனை முழுவதையும் திருப்பிச் செய்ய அருட்செல்வன் தவணை வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் மில் வாசலில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். "அன்ரி, இந்த முறை நிண்டு பாத்து எடுக்கச் சொல்லிச் சேர் சொன்னவர்."

"ஏன் நிப்பான், அந்தா கதிரை கிடக்கு," என்றார் மீனாம்பிகை.

நெல்லைக் குத்தி, தவிட்டை அரித்து, தாரிகா கொண்டுவந்த கண்ணாடிப் போத்தலில் நிரப்பினார். மூடியைப் போடும் முன் அவருடைய வலது கை தன்பாட்டில் அலுமாரிப் பக்கம் போனது. அங்கேதான் மஞ்சள் டப்பா இருந்தது. கையைத் திருப்பி இழுத்துச் சேலையில் துடைத்தார். வெறும் தவிட்டை ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தனுப்ப அவருக்கு மனமே இல்லை. கொடுத்தார்.

"நான் அண்டைக்கே சோதிச்சிருக்க வேணும் அன்ரி," என்றாள் தாரிகா.

"நீர் சொன்னனீர் பிள்ளை, ஒண்டும் கலந்திடப்படாது எண்டு. நான்தான் உம்மோடை பாய்ஞ்சனான்."

வெயில் ஏறிய மாதத்தில் முடிவு வந்தது. தாரிகா தொலைபேசியில் நிறைய நேரம் சுகம் விசாரித்தாள். நல்லம்மாவுடைய மாட்டின் சுகத்தையும் விசாரித்தாள். மீனாம்பிகைக்கு விளங்கிவிட்டது. "சொல்லும்," என்றார்.

"மூண்டாவது அன்ரி."

"றோயின்ரை?"

"இரண்டாவது. முதலாவது எங்கடை உடுப்பிட்டி மில்."

மீனாம்பிகை தொலைபேசியை வைத்துவிட்டு மில்லுக்குள் வந்தார். மெசினுக்கு முன்னால் கதிரைகளில் மூன்று பேர் இருந்து தங்கள் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லம்மா அப்போதுதான் சாக்கை இறக்கிவிட்டு, நான்காவது கதிரையில் குந்தியிருந்தார். மீனாம்பிகை கந்தப்புவிடம் மோட்டரை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கம்பஸ் முடிவு வந்திட்டுது. எங்கடை தவிடு மூண்டாவது. உடுப்பிட்டி மில் முதலாவது, றோயின்ரை இரண்டாவது," என்றார்.

"இதை ஆர் உம்மைக் கேட்டது?" என்றார் நல்லம்மா.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"றோய் உம்மிலும் மேலை எண்டதை நீரே சொல்லுறீர்?"

"ஓம். வந்ததெல்லோ அப்பிடி."

நல்லம்மா உச்சுக்கொட்டினார். மோட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் தன் சாக்கைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"எனக்குச் சந்தையிலை அலுவல் கிடக்கு," என்று சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "அப்ப வாறன்."

சாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. நல்லம்மா படலையைத் தாண்டி றோட்டில் ஏறும்வரை மீனாம்பிகை பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொள்ள அவர் முயலவில்லை. பிறகு நல்லம்மா இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார்.